கடலைப் பார்த்த பவிலியன்

சென்ற வாரம் சூசைதாசனைத் தூங்கவிட்டு வந்தோம். நல்ல தூக்கம். ஜம்பட்டா வீதியில் அவர் விட்ட குறட்டைக்குத் துறைமுகத்தில் நின்ற இரண்டு கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதியதாகக் கொட்டாஞ்சேனை முழுக்கப் பேச்சு.

தூங்காமல் என்ன செய்வார்? முப்பத்திரண்டு வருஷம் சாந்து குழைத்து, மேசனாகி, மேசன்களை மேய்க்கும் மேசன் பாஸாகி, வீடு வீடாகக் கட்டி முடித்து, ஐம்பத்தெட்டாவது வயதில்தான் மனுஷருக்கு ஒரு பெரிய கொந்தறாத்து, அதாவது கட்டட ஒப்பந்தம், வாய்த்திருக்கிறது. புளூமெண்டால் சதுப்பைத் தூர்த்து நகரத்துக்கு ஓர் உதைபந்தாட்ட மைதானம். பின்னேரங்களில் சும்மா பந்தடிக்கிற வெளியென்று நினைத்துவிடாதீர்கள். கந்தோரில் லீவு கேட்டு ஓடிவந்து விளையாடாமல், விளையாட்டையே தொழிலாகச் செய்யப்போகிறவர்களுக்கென்று சுற்றிவரக் காலரியும், நடுவில் பெரிய மனிதர்கள் இருந்து பார்க்கப் பவிலியனும் வைத்த மைதானம். அந்தச் சதுப்பு விழுங்கிய மண் கொஞ்சநஞ்சமில்லை. வண்டில் வண்டிலாகக் கொட்டக் கொட்ட ஓர் ஏப்பம் விட்டுவிட்டு, இன்னும் கொண்டுவா என்றது. மாளிகாவத்தையில் மேடாக இருந்த இடமெல்லாம் பள்ளமாகிப் போனது இதனால்தான்.

பவிலியன் தூண்களுக்கு இருபத்தெட்டுக் குழிகள். எல்லாம் வெட்டியாயிற்று. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொங்கிறீட். அது இறுகிவிட்டால் பிறகு அந்தக் கட்டடத்தை ஓர் அங்குலம் நகர்த்த அந்தோனியாரே இறங்கி வந்தாலும் முடியாது.

பிளான் கீறியது அவருடைய ஒரே மகன் கிளெமென்ற். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஐந்து மாதமாகத் தற்காலிக வேலை. மாத முடிவில் அதை நிரந்தரமாக்குவதும், வீட்டுக்குப் போ என்று சொல்லுவதும் கந்தோரின் தலைவர் மக்ரே துரையின் கையில். மைதானக் கமிட்டியின் தலைவரும் அதே மக்ரே துரைதான். கிளெமென்றின் கையெழுத்து, பிளானின் வலது மூலையில், ஒரு கறுப்பு எறும்பைப் போல உட்கார்ந்திருக்கிறது.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்குப் புது மைதானத்தில் முதல் வெள்ளோட்ட ஆட்டம்.

"பப்பா," என்றான் கிளெமென்ற், காலை மேசையில் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே. "கமிட்டி ஆக்களை இண்டைக்குப் பவிலியன் வாற இடத்திலதானே இருத்திறியள்?"

"வேற எங்க இருத்த? சீமெந்துப் பீப்பாவைக் கவுட்டு, பலகை அடிச்சு, மேல வெள்ளைச் சீலை விரிச்சிருக்கு. பிசப்பாண்டவர் வந்து இருந்தாலும் குறை சொல்லமாட்டார்."

"அஞ்சு மணி வெயில்…"

"வெயிலுக்கு என்ன?"

"நான் முதல் கீறினது மற்றப் பக்கம். நீங்கள்தான் சிவப்புப் பென்சிலால வெட்டி இஞ்சால மாத்தினீங்கள்."

சூசைதாசன் கோப்பையை வைத்தார். "டேய், நான் கட்டின நாப்பது வீட்டிலயும் விறாந்தை எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம்."

"ஏன்?"

"காத்துக்கு."

"பிறகென்ன? பெரிய மனுசர் இருந்து விளையாட்டுப் பாக்கிற இடம் கடலைப் பாத்து இருக்கோணும். முகத்தில காத்து அடிக்கோணும். நீ படிச்சது கடுதாசியில. நான் படிச்சது காத்தில."

மனைவி றஞ்சிதம் சொதிச் சட்டியோடு வந்தாள். "இஞ்சருங்கோ, அவன் பயப்பிடுறதிலும் ஒரு ஞாயம் இருக்கலாம்தானே? அவன்ர வேலை எல்லே."

"முப்பது நாள், றஞ்சிதம்! முப்பது நாள் நானே அந்த இடத்தில ஒரு பீப்பாவைப் போட்டு இருந்து பாத்தனான். வெயிலும் இல்லை, ஒண்டும் இல்லை. காத்து வந்து தாலாட்டும். ஒருநாள் அப்பிடியே நித்திரையாப் போனன்."

"எத்தினை மணிக்கு இருந்து பாத்தனீங்கள்?"

"காலமை வேலை தொடங்க முதல். ஏன் கேக்கிறாய்?"

றஞ்சிதம் மகனைப் பார்த்தாள். மகன் சொதியைப் பார்த்தான். சூசைதாசனோடு வாதாடி வென்றவர்கள் கொழும்பில் இருவர்தான். ஒருவர் செத்துப்போனார், மற்றவர் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

நாலே முக்காலுக்கு மைதானம் நிறைந்துவிட்டது. நிறைந்தது என்றால், ஒருவன் தும்மினால் மூன்றாவது வரிசையில் நிற்பவன் துடைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கம். துறைமுகத்து ஆட்கள் ஒரு கோஷ்டி. மாளிகாவத்தை ஆட்கள் எதிர்க் கோஷ்டி. கிழக்குப் பக்கம், இருபத்தெட்டுக் குழிகளுக்கு முன்னால், வெள்ளைச் சீலை விரித்த பலகையில் கமிட்டியார். நடுவில் மக்ரே துரை. இளமையில் நாலு வருஷம் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தவர் ஆகையால் தமிழை மலைநாட்டு வாசனையோடு வெளுத்து வாங்குவார்.

"நல்ல காத்து, சூசை!" என்றார் துரை.

"கடல் காத்து, துரை. நேரா வருது."

சூசைதாசன் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒருமுறை தடவிவிட்டுத் துரைக்குப் பக்கத்திலேயே நின்றார். விசில் ஊதியது. பந்து ஓடியது.

அப்போதுதான் மேகம் விலகியது.

மேற்கே, சரியாக எதிரே, கடலுக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் சூரியன் நின்றது. தாமிரச் சட்டியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு கமிட்டிக்காரரின் மூக்குக்கும் முன்னால் தனித்தனியாகப் பிடித்த மாதிரி. பலகையில் இருந்த பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கையை நெற்றிக்குக் கொடுத்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் கமிட்டியார் கூட்டமாகச் சல்யூட் அடிக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். ஆட்டக்காரரில் ஒருவன் மரியாதைக்குத் திருப்பி அடித்தும் விட்டான்.

மக்ரே துரை தொப்பியை மூக்குவரைக்கும் இறக்கினார். போதவில்லை. பக்கத்தில் இருந்தவரின் தொப்பியை வாங்கி மேலே கவிழ்த்தார். அதுவும் போதவில்லை.

"சூசை, பந்து எங்கே?"

"அந்தா, துரை."

"எங்கே?"

சூசைதாசனுக்கும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது வெறும் வெளிச்சமும், வெளிச்சத்துக்குள் ஓடும் கால்களும்தான். ஆனாலும் அவர் கண்ணை மூடவில்லை. மூடினால் தோற்றது ஆகிவிடும். இரண்டு கண்ணாலும் தாரைதாரையாக நீர் வடிய வடிய முறைத்துக்கொண்டு நின்றார்.

"அழுறீங்களோ?" என்றாள் பின்னால் குடையோடு நின்ற றஞ்சிதம்.

"காத்து," என்றார்.

திடீரென்று எதிர்ப்பக்கம் வெடித்தது. "கோல்! கோல்!" என்று ஆயிரம் தொண்டைகள். தொப்பிகள் பறந்தன. மக்ரே துரை துள்ளி எழுந்து கைதட்டினார்.

"யாரு அடிச்சா?"

பலகையில் பதினான்கு பேர். ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் துறைமுகம் என்றார், ஒருவர் மாளிகாவத்தை என்றார். ஒருவர் அது கோலே இல்லை, பந்து வெடித்த சத்தம் என்றார்.

எதிர்ப்பக்கத்தில் இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அங்கே நிலாம் ஹாஜியாரின் மர டிப்போவின் நீளச் சுவர். சுவரின் நிழல் ஒரு பாயைப் போல விரிந்திருந்தது. அந்த நிழலில் பலகைகளைக் குறுக்கே போட்டு, காலை நீட்டி, பிளேன் டீ குடித்துக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் கொடுத்து, பந்தில் இருக்கும் தையலைக்கூட எண்ணிக்கொண்டிருந்தது சனம். நடுவில் நிலாம் ஹாஜியார் சாய்வு நாற்காலியில். சொர்க்கத்தில் இடம் பிடித்தவரின் முகம்.

இடைவேளை விசில் ஊதியதும் மக்ரே துரை இரண்டு தொப்பிகளையும் கழற்றினார். முகம் அவித்த நண்டு.

"பிளான் கொண்டா."

கொண்டுவந்தார்கள். துரை அதைப் பலகையில் விரித்து, இன்னும் வெளிச்சம் அப்பிக்கொண்டிருந்த கண்களைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். வலது மூலையில் விரலை வைத்தார்.

"இது யாரு கையெழுத்து?"

கிளெமென்ற் முன்னால் வந்தான். "என்ரது, சேர்."

"நீயா வரஞ்சே?"

"ஓம் சேர்."

"பொழுது சாயுறப்ப சூரியன் எங்க போகும்னு உனக்குத் தெரியாதா மேன்? என் கந்தோர்ல இருந்துக்கிட்டு இப்புடியா வரைவே? நாளைக்கு ஒரு பாலம் வரையச் சொன்னா ஆத்துக்குப் பக்கத்துல வரைவியா?"

கமிட்டியார் சிரித்தார்கள். கிளெமென்ற் ஒன்றும் சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துரையின் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றான்.

சூசைதாசனுக்கு அந்த மௌனம்தான் பொறுக்கவில்லை. அவன் ஒரு விரலை நீட்டி 'பப்பாதான்' என்று சொல்லியிருந்தால் நிலைமை எவ்வளவு இலகு! வானம் இடியக் கத்தியிருக்கலாம். பெத்த தகப்பனைக் காட்டிக் கொடுத்தவன் என்று ஒரு வருஷத்துக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டியிருக்கலாம். பாவி மகன் வாயே திறக்கிறானில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று மரம் மாதிரி நிற்கிறான்.

திரும்பிப் பார்த்தார். றஞ்சிதம் குடையை மடக்கினாள். வேறொன்றும் செய்யவில்லை. வெயிலில் நின்றபடி அவரையே பார்த்தாள்.

சூசைதாசன் கோட்டுப் பையில் கையை விட்டார். காதில் செருகிச் செருகி முனை மழுங்கிய சிவப்புப் பென்சில் துண்டு அகப்பட்டது. அதை எடுத்துப் பிளானின்மேல் வைத்தார்.

"துரை, உந்தக் கோடு இதால கீறினது. பெடியன் முதல் கீறினது மற்றப் பக்கம். நல்லாக் கீறியிருந்தவன். வெட்டி இஞ்சால போட்டது நான்."

"நீயா?"

"நான்தான். அவன் இண்டைக்குக் காலமையும் சொன்னவன். நான் கேக்கேல்லை." அடுத்த சொல் ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒருமுறையும் வெளியே வந்ததில்லை. "பிழை என்ரது."

றஞ்சிதத்தின் கையில் இருந்து குடை நழுவி விழுந்தது. அடுத்த ஞாயிறு பூசைக்கு மேலதிகமாக ஒரு மெழுகுதிரி என்று அவள் அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டாள்.

மக்ரே துரை பென்சிலைப் பார்த்தார்; சூசைதாசனைப் பார்த்தார். "முப்பது வருஷத்துக்கு மேல மேசன் வேலை பார்த்தவன் நீ. இந்த எடத்துல ஒரு நாளும் அஞ்சு மணிக்கு வந்து உக்காந்து பார்க்கலியா?"

"நாலு மணிக்கு வேலை விடுற விசில் அடிச்சிடும், துரை. மேசன்மார் அதுக்குப் பிறகு நிக்கமாட்டினம். நானும் நிண்டதில்லை."

"பந்து விளையாடுறது அஞ்சு மணிக்கு!"

"இண்டைக்குத்தான் விளங்குது, துரை."

மக்ரே துரையின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. அது மேலே வர வரப் பெருத்து, வாய்க்கு வந்தபோது சிரிப்பாகிவிட்டது. பலகைக்குக் கீழே இருந்த சீமெந்துப் பீப்பாக்கள் நாலைந்து அந்தச் சிரிப்பில் உருண்டன. கமிட்டிச் செயலாளர் ஒருவர் குழிக்குள் இறங்கிவிட்டார். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

சிரித்து முடிந்ததும் துரை துரையானார்.

"திங்கக்கெழமை கொங்கிறீட் இல்லே. குழியெல்லாம் மூடு. பொதன்கெழமை கமிட்டி கூடுது. அதுக்குள்ள மேக்குப் பக்கத்துல பவிலியன் நிக்கும்னு எனக்குக் காட்டணும். எடம் இல்லேன்னா வேற ஆளு." கிளெமென்றின் பக்கம் திரும்பினார். "நீ! கையெழுத்துப் போடுறவன் வாயும் தொறக்கணும். அப்பன்கிட்டேயும் தொறக்கணும், என்கிட்டேயும் தொறக்கணும். உன் வேலைக் கடுதாசி என் மேசையில இருக்கு. பொதன்கெழமை பிளானைப் பார்த்துட்டுத்தான் பேனாவை எடுப்பேன்."

இரண்டாவது பாதியைத் துரை நிலாம் ஹாஜியாரின் பலகையில், ஹாஜியாரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தார். மூன்று பிளேன் டீ குடித்தார். மாளிகாவத்தை இரண்டுக்கு ஒன்று வென்றது. இந்தமுறை யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை.

சனம் கலைந்து போக, தகப்பனும் மகனும் அளவு டேப்போடு மேற்குப் பக்கம் நின்றார்கள். றஞ்சிதம் ஒரு பலகையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் காலை ஆட்டினாள். வீட்டுக்குப் போய் விளக்கு வைக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"மைதானக் கோட்டில இருந்து சுவர்வரைக்கும் முப்பத்திரண்டு அடி," என்றான் கிளெமென்ற்.

"பவிலியனுக்கு?"

"பின் படிக்கட்டோட நாப்பது."

எட்டடி குறைவு. சூசைதாசன் சுவரைப் பார்த்தார். இரண்டு ஆள் உயரச் சுவர். அந்தப் பக்கம் டிப்போவும் ஹாஜியாரின் வீட்டு வளவும்.

"என்ன பாஸ், சுவரை அளக்கிறீங்களா?" சாய்வு நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த நிலாம் ஹாஜியார் கேட்டார்.

"நிலாம் நானா, ஒரு எட்டடி வேணும். விலைக்கோ வாடகைக்கோ, நீங்கள் சொல்லுறதுதான்."

ஹாஜியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டிப்போ எண்ட சொந்தம். ஆனா இந்தச் சுவருக்கு நேர பின்னுக்கு ஈக்கிற வளவு எண்ட பொண்டாட்டிட. அவட வாப்பா குடுத்த காணி. நான் அதுல ஒரு வாழக்குட்டி நடுறதெண்டாலும் கேட்டுட்டுத்தான் நடுற."

சுவரின் மூலையில் ஒரு சிறிய மரக்கதவு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"யாரு அது? பந்து கேட்டு வந்தா இல்லயெண்டு சொல்லுங்க! இந்த மாசம் ஏழு பந்து விழுந்தீக்கி. ஏழு பந்தையும் ரெண்டா வெட்டி கோழிக்குத் தண்ணி வச்சீக்கி!"

"நஸீறா," என்று ஹாஜியார் மெல்ல அறிமுகம் செய்தார்.

"பந்து கேக்க வரேல்லை, தங்கச்சி," என்றார் சூசைதாசன். "காணி விசயமா ஒரு கதை."

தாழ்ப்பாள் விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நஸீறா நின்றாள். பின்னால் வளவும் ஒரு கிணறும் தெரிந்தன. சூசைதாசனின் கண் முதலில் போன இடத்தில் ஆப்புகள் அடித்து, வெள்ளைக் கயிறு கட்டி, அத்திவாரம் வெட்டியிருந்தது. புத்தம்புது மண். சுவரோடு ஒட்டி, சரியாக அந்த எட்டடிக்குள்.

"மகள் பைறோஸாக்கு வீடு," என்றாள் நஸீறா. "மாப்பிள்ள வீட்டாருக்கு வீடு குடுக்கிறதெண்டு பேச்சு. நாளைக்கு பகல் வந்து அத்திவாரம் பாக்கப் போறாங்க. இப்ப சொல்லுங்க, என்ன கதை?"

சூசைதாசன் வாயைத் திறந்தார். எட்டடிக்கு எத்தனை நியாயம் வேண்டுமானாலும் சொல்ல அவரால் முடியும். சொர்க்கத்து வாசலையே ஓரடி தள்ளி வைக்கச் சொல்லி வாதாடக்கூடிய வாய் அது.

"பப்பா, பொறுங்கோ."

கிளெமென்ற் ஓரடி முன்னால் வந்தான். "ஆன்ட்டி, எட்டடி வேண்டாம். படிக்கட்டைப் பின்னால வைக்காமல் ரெண்டு பக்கத்திலயும் வைச்சா மூண்டு அடியே போதும். அந்த மூண்டடிக்குப் பதிலா வீட்டை அந்தக் கிணத்துப் பக்கமாத் தள்ளலாம். அறை ஒண்டும் குறையாது. நான் கீறிக் காட்டுறன்."

சூசைதாசன் மகனைப் பார்த்தார். பக்கத்துப் படிக்கட்டு! முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் வைத்த படிக்கட்டு எல்லாம் பின்னால்தான். மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

நஸீறா கிளெமென்றை மேலும் கீழும் பார்த்தாள். "மூண்டடியா?"

"மூண்டே மூண்டு."

"எனக்குச் சொல்லி என்ன? மாப்பிள்ளட வாப்பா பொல்லாத மனுசன். கயிறு ஒரு சாண் தள்ளியீந்தாலும் பேச்ச முறிச்சிட்டுப் போவாரு." கயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு அவங்க வாற நேரம் நீங்களும் வாங்க. அவருக்கு முன்னுக்கு வச்சு அளந்து சொல்லுங்க. அவரு சரியெண்டா நானும் சரி. இல்லாட்டி உங்கட பவிலியன கடலுக்குள்ள கட்டுங்க."

"இப்ப ஒருக்கா அளந்து பாக்கலாமா, ஆன்ட்டி?"

"வெளிச்சம் ஈக்கக்குள்ள அளங்க."

கிளெமென்ற் டேப்பின் உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தான். நுனியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பலகையை விட்டு எழும்பி வந்த றஞ்சிதம் கையை நீட்டினாள். அதற்குள் அது வேறு கைக்குப் போய்விட்டது.

சூசைதாசன் வெள்ளைக் கோட்டோடு மண்ணில் குந்தி, டேப்பின் நுனியைச் சுவரின் அடியில் அழுத்திப் பிடித்தார்.

"சரியா, பப்பா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நீ சொல்லு," என்றார் அவர்.